ஒரு சதம் செலவில்லாமல் திருமலை வலைப்பூவைக் கூகுளில் மேலே கொண்டுவர என்ன வழி?

உவர்மலைக் குறிப்புகள்:
வணக்கம். திருகோணமலை பற்றிக் கூகுளின் இலவசப் பிளாக்கர் தளத்தில் தமிழில் ஒரு வலைப்பூ. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாமலைத் தீவு, மூதூர்ப் படகு, கிண்ணியாப் பாலம், வெருகல் என்று 64 பதிவுகள். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சேர்ச் கொன்சோலில் இணைத்து நான்கு மாதம். 23 பதிவுகள்தான் இன்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், இருக்கின்றன. மிச்சத்தில் பெரும்பகுதி ‘படித்தோம், ஆனால் சேர்க்கவில்லை’ என்ற பிரிவில் கிடக்கிறது. கன்னியா பற்றி மட்டும் மூன்று பதிவுகள். தேடினால் முதல் இரண்டு பக்கத்தில் ஒன்றும் வருவதில்லை. பாதிப் பதிவுகள் பழைய வேர்ட் கோப்புகளில் இருந்து ஒட்டியவை. சொந்த டொமைனுக்கோ விளம்பரத்துக்கோ காசில்லை. பேஸ்புக்கில் ‘1000 பேக்லிங்க் (வேறு தளங்களில் இருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தருகிறோம்’ என்று வருபவர்களை நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?

துறைமுக வீதி:
அந்த வேர்ட் கோப்புகளில் இருந்து தொடங்குங்கள். நம் பக்கத்துப் பழைய கோப்பென்றால் பெரும்பாலும் பாமினிதான். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. உங்கள் கணினியில் அது நிறுவப்பட்டிருப்பதால் உங்களுக்குத் தமிழாகத் தெரியும். கூகுளுக்கும் வாசகரின் போனுக்கும் அது அரைப்புள்ளிகள் நிறைந்த ஆங்கிலக் குழப்பம். சோதிப்பது சுலபம்: பதிவில் ஒரு பந்தியைக் கொப்பி பண்ணி வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். மெய்யெழுத்து வரவேண்டிய இடமெல்லாம் ‘;’ வந்தால் பாமினி என்று முடிவு கட்டலாம். எத்தனை லிங்க் வந்தாலும் அந்தப் பக்கம் தமிழ்த் தேடலில் ஏறாது.

எல்லாக் கணினியும் போனும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றியதும் இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ஒன்று, பந்திக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும். கையால்தான் திருத்த வேண்டும். மற்றது ஔகாரம். பாமினியில் ‘பௌ’ என்பதை ஒற்றைக் கொம்பு, ப, ள என்று அடிப்பார்கள். கருவிக்கு அது ஔகாரமா ளகரமா என்று தெரியாது. ‘பௌர்ணமி’ என்பது ‘பெ-ள-ர்ணமி’ ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல, ஆனால் எழுத்து வேறு. கூகுள் சிலவேளை ஊகித்துக்கொள்ளும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். அதற்காக எல்லா ‘ெள’வையும் ஒரேயடியாக ‘ௌ’ ஆக்கிவிடவும் கூடாது. வெள்ளி, தெளிவு, கெளிறு மீன் எல்லாம் சிதைந்துபோகும். பௌர்ணமி, கௌரி, மௌலவி, பௌத்தம், சௌகரியம் என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள்.

இதே வகைப் பிழை இன்னொன்று: திருவிழா அறிவித்தல், படகு நேர அட்டவணை போன்றவற்றைப் போட்டோவாகப் போட்டுவிட்டு ஒரு வரியும் எழுதாமல் விடுவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் நம்பிப் பதிவு போடக்கூடாது. கீழே தட்டச்சுச் செய்து போடுங்கள். போனில் எடுத்த 4–5 எம்பி படத்தை ஸ்குவூஷ் என்ற இலவச இணையக் கருவியில் 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் 200 கேபிக்குள் அடங்கும். நிலாவெளியில் மொபைல் டேட்டாவில் திறப்பவருக்கும் அது உதவி.

ஆலங்கேணி வாசகர்:
துறைமுக வீதி சொன்னதை முடித்த பிறகு இதைச் செய்யுங்கள். சேர்ச் கொன்சோலில் பெறுபேற்று அறிக்கையைத் திறந்து காலத்தை 16 மாதம் என்று வையுங்கள். உங்களுக்கு நான்கு மாதக் கணக்குத்தான் இருக்கும், தொடங்க அது காணும். சராசரி இடத்தையும் (தேடல் முடிவில் எத்தனையாவதாக வருகிறது) காட்டச் சொல்லி, தேடல் சொற்களை ‘காட்டப்பட்ட தடவை’ வரிசையில் அடுக்குங்கள். 8 முதல் 20 வரை இடத்தில் நிற்கும் சொற்கள்தான் உங்கள் வயல். 60ஆவது இடத்தில் கிடப்பதைத் தூக்குவதை விட 11ஆவது இடத்தில் நிற்பதை ஏற்றுவது எவ்வளவோ சுகம்.

அங்கே ஒரே இடத்தை ஆட்கள் எத்தனை விதமாக அடிக்கிறார்கள் என்றும் தெரியவரும். திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை. கன்னியா வெந்நீரூற்று, வெந்நீர் ஊற்று, சுடுதண்ணிக் கிணறு. அதிகம் தேடப்படும் வடிவம் தலைப்பின் முதல் மூன்று சொல்லுக்குள் வரட்டும். தமிழ் எழுத்து அகலமானது, கூகுள் முடிவுப் பக்கத்தில் தலைப்பு சீக்கிரமே வெட்டுப்படும். மற்ற வடிவங்களை முதற் பந்தியில் இயல்பாக ஒருமுறை சொன்னால் போதும். பதிவின் அடியில் எல்லா எழுத்துக்கூட்டலையும் வரிசையாகக் கொட்டுவது சொல்திணிப்பு, கூகுள் அதைக் குப்பையாகவே எண்ணும். மெட்டா கீவேர்டு, அதாவது வாசகருக்குத் தெரியாமல் பக்கத்தின் நிரலில் எழுதும் தேடல் சொற்களில், நேரம் போக்கவே வேண்டாம். அதைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

கன்னியாவுக்கு மூன்று பதிவு வேண்டாம், அவை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றாக்குங்கள். ‘கன்னியா ஓர் அழகிய இடம்’ என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். போகிறவர் கேட்பது வேறு. 7 கிணறுகளிலும் சூடு எப்படி வேறுபடுகிறது, இறங்கிக் குளிக்கலாமா வாளியால் அள்ளி ஊற்றவேண்டுமா, ஈரம் மாற்ற இடமுண்டா, எந்த பஸ், இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த ஐதீகம் என்ன. புறாமலைப் பதிவும் அப்படித்தான். 2003இல் தேசிய பூங்காவானது என்பது எல்லாத் தளத்திலும் இருக்கிறது. நிலாவெளியில் எந்த இடத்தில் படகு எடுப்பது, வாடைக்காற்று மாதங்களில் கடல் ஏன் குழம்பும், எந்த மாதம் தண்ணீர் தெளிவு என்பதைத் தமிழில் விளக்கமாகச் சொல்லும் பக்கம் அருமை. அதை நேரில் பார்த்து எழுதக்கூடியவர் நீங்கள். இதற்குக் காசு தேவையில்லை, நடந்துபோய்ப் பார்த்தால் போதும்.

உப்புவெளி:
பேக்லிங்க் கேள்விக்கு: வேண்டாம். காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் விதிக்கே முரண். 1000 லிங்கும் ஆளில்லாத தளங்களில் இருந்துதான் வரும், பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்கப்படாது. பேஸ்புக்கில் பகிர்வது வாசகரைத் தரும், லிங்க் பலம் தராது.

நல்ல லிங்க் ஒன்றிரண்டு ஊருக்குள்ளேயே கிடைக்கும். தளம் வைத்திருக்கும் விருந்தினர் விடுதிக்கு ‘என் வலைப்பூவை இணையுங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. ‘உங்கள் விருந்தினர் புறாமலைக்குப் போக இந்தப் பக்கம் உதவும்’ என்று ஒரேயொரு பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். பாடசாலைப் பழைய மாணவர் சங்கத் தளங்கள், ஆலயத் தளங்களும் அப்படியே. உங்கள் பதிவுகளுக்குள்ளும் இணைப்புக் கொடுங்கள்: கிண்ணியாப் பாலப் பதிவில் இருந்து மூதூர்ப் பாதைக்கு, அங்கிருந்து வெருகலுக்கு. ‘இங்கே அழுத்தவும்’ என்று போடாமல் ‘மூதூர்ப் படகு நேரம்’ என்ற சொல்லிலேயே இணையுங்கள்.

உவர்மலைக் குறிப்புகள்:
மூவருக்கும் பெரிய நன்றி. வாட்ஸ்அப் சோதனையில் 19 பதிவுகள் பாமினி. இரண்டு கேள்விகள். கன்னியாவை ஒன்றாக்கினால் பழைய முகவரிகளை என்ன செய்வது? ‘ரோபோட்ஸ் கோப்பு தடுத்தது’ என்று 40க்கு மேல் முகவரி காட்டுகிறதே, அது ஆபத்தா? எல்லா முகவரியிலும் ‘சேர்ச்’ என்ற சொல் இருக்கிறது.

துறைமுக வீதி:
ரோபோட்ஸ் கோப்பு என்பது தேடுபொறி எதைப் படிக்கக்கூடாது என்று சொல்லும் கோப்பு. அது தடுத்தவை லேபிள் பக்கங்கள், அதாவது ஒரே வகைப் பதிவுகளின் பட்டியல்கள். பிளாக்கர் அவற்றைத் தானாகவே தடுக்கும், தொடவேண்டாம். முகவரி இறுதியில் ‘எம் = 1’ என்று வருவதும் போன் வடிவந்தான், பிழையல்ல. ஆனால் அமைப்புகளில் ‘தேடுபொறிகளுக்குத் தெரியட்டும்’ என்பது திறந்திருக்கிறதா, ரோபோட் குறிகளில் பதிவுகளுக்கு ‘நோஇன்டெக்ஸ்’ (தேடலில் சேர்க்காதே என்ற குறி) தவறுதலாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கன்னியாவில் அதிகம் காட்டப்பட்ட பதிவை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டின் நல்ல பகுதிகளை அதற்குள் கொண்டுவாருங்கள். பிறகு அந்த இரண்டையும் வரைவாக்கி, அமைப்புகளில், பழைய லிங்கை அழுத்துபவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் வழிமாற்றம் என்ற பகுதியில் பழைய முகவரியையும் புதியதையும் கொடுத்து ‘நிரந்தரம்’ என்பதை இயக்குங்கள். இரண்டு முகவரியும் சாய்கோட்டில் (/) தொடங்கவேண்டும், வலைப்பூப் பெயரைச் சேர்த்தால் வேலை செய்யாது. முடிந்ததும் பழைய லிங்கைப் போனில் அழுத்திப் பாருங்கள். சரியாகப் போனால், வைத்திருக்கும் பதிவைச் சேர்ச் கொன்சோலின் முகவரிப் பரிசோதனையில் போட்டு மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். பாமினியில் இருந்து மாற்றிய 19 பதிவையும் ஒரே நாளில் கேட்கவேண்டாம், நாளாந்த வரம்பு உண்டு. தேடலில் ஏற்கெனவே காட்டப்படும் பதிவுகளை முதல் கிழமையில் கேளுங்கள்.