3000 ரூபாய்க்குள்ள முதல் மடக்கு கத்தி, எதுல ஆரம்பிக்கலாம்?

உப்புக்காத்து:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாசமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் முதல் பதிவு. ஊர் தூத்துக்குடி, எலக்ட்ரிக்கல் சாமான் கடைல வேலை. தினமும் அட்டைப்பெட்டி பிரிக்கணும், சணல் கயிறு அறுக்கணும், வயர் கட்டு பிரிக்கணும், இதுக்கெல்லாம் இவ்வளவு நாளும் ப்ளேடை ஒடிச்சு ஒடிச்சு போடுற அந்த ப்ளாஸ்டிக் கட்டர்தான் வச்சிருந்தேன். போன மாசம் கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் மரப்பிடி போட்ட ஒரு பேனாக்கத்தி கொண்டு வந்தாரு, அவரோட மச்சான் ஃப்ரான்ஸ்ல இருந்து வாங்கிட்டு வந்ததாம். மத்தியானம் ஒரு கொய்யாப்பழத்தை அதுல நறுக்கி ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தாரு. கத்தி பழத்துக்குள்ள இறங்கினதுல சத்தமே இல்ல. அன்னைல இருந்து எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு மனசு அதையே சுத்திட்டு இருக்கு.

வீடியோ பாத்தா ஒருத்தர் டி2 ஸ்டீல் இல்லாம வாங்காதீங்கன்றாரு, இன்னொருத்தர் டி2 துரு பிடிக்கும்ன்றாரு, லைனர் லாக், ஃப்ரேம் லாக், பேக் லாக்னு தலை சுத்துது. பட்ஜெட் 3000, அதுக்கு மேல இப்போதைக்கு முடியாது. சண்டைக்கோ பந்தாவுக்கோ இல்ல, வேலைக்கும் பழம் நறுக்கவும்தான், அப்புறம் இதை ஒழுங்கா கத்துக்கணும்னு நிஜமாவே ஆசை இருக்கு. எதுல ஆரம்பிக்கலாம் சொல்லுங்க.

சாணைக்கல்:
தம்பி வாங்க. நான் கோயம்புத்தூர்ல டூல் ரூம்ல முப்பது வருஷம் இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாதான் எழுதுவேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 3000த்தையும் கத்தியிலயே போட்டுடாதீங்க. 2000 கத்திக்கு, மிச்சம் தீட்டுற கல்லுக்கு. எந்தக் கத்தியா இருந்தாலும் வாங்கின அன்னைக்கு இருந்த கூர் ஒரு மாசத்துல போயிடும், அதுக்கப்புறம் உங்க கையில என்ன இருக்கோ அதான் கூர். முதல் கத்தின்றது தீட்டக் கத்துக்கிற கத்தி.

உங்க அண்ணன் வச்சிருக்கிறது அநேகமா ஒப்பினெல். 1890ல ஃப்ரான்ஸ்ல சவ்வாய் மலைப்பக்கம் ஜோசஃப் ஒப்பினெல்னு ஒருத்தர் குடியானவங்களுக்காக செஞ்ச கத்தி, இன்னைக்கும் வடிவம் பெருசா மாறல. ஒரு அலகு, பீச் மரப்பிடி, ஒரு ஆணி, அசையாத ஒரு பூண், அது மேல திருப்புற ஒரு வளையம், மொத்தமே அவ்வளவுதான். அந்த வளையம் 1955ல வந்தது, அதைத் திருப்பினா அலகு மடங்காது. நம்பர்ல சைஸ் சொல்லுவாங்க, 6ன்னா அலகு 7 செ.மீ., 7ன்னா 8, 8ன்னா எட்டரை. உங்களுக்கு 7 இல்லன்னா 8. கொய்யாக்குள்ள சத்தமில்லாம போச்சுன்னு சொன்னீங்களே, அதுக்குக் காரணம் ஸ்டீல் இல்ல, அலகோட கனம். நம்பர் 8ல ரெண்டு மில்லிமீட்டர் கூட கிடையாது. வீடியோல காட்டுற பாதிக் கத்தி மூணு மில்லிமீட்டர், மூணரைன்னு இருக்கும், அதுல பழத்தை வெட்டினா நறுக்காது, ஆப்பு அடிச்ச மாதிரி பிளக்கும்.

இதுல கார்பன் ஸ்டீல், இனாக்ஸ் (நம்ம ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்)னு ரெண்டு வருது. கார்பன் எனக்கு உயிரு, கல்லுல வெண்ணெய் மாதிரி தேயும், கூரும் அருமையா வரும். ஆனா நீங்க தூத்துக்குடி. உப்பளக் காத்துல ராத்திரி துடைக்காம வச்சா காலைல சிவப்பா புள்ளி தெரியும், மாங்கா எலுமிச்சை அறுத்தா அலகு கறுத்துப்போயி பழத்துலயும் இரும்பு வாடை அடிக்கும். அதனால கண்ணை மூடிட்டு இனாக்ஸ் வாங்குங்க, அதுல போடுறது ஸ்வீடன் ஸ்டீல், தீட்டவும் சுலபம். ஒரே தொல்லை மரம்தான். தண்ணில நனைஞ்சா பிடி ஊதி அலகை இறுக்கிப் பிடிச்சுக்கும், ஐப்பசி மழைக்கு நகம் போட்டு இழுத்தாலும் வராது. அப்ப வளையம் திறந்து இருக்கான்னு பாத்துட்டு, பிடியோட பின்பக்க முனையை மேஜையில லேசா தட்டுங்க, அலகு தானா எட்டிப் பாக்கும். அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான் திறப்பாங்க. வாங்கின உடனே மூட்டுல ரெண்டு சொட்டு மினரல் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விட்டுட்டா இந்தத் தொல்லை பாதி குறையும். தேங்காண்ணெய் மட்டும் வேண்டாம், நாளாக நாளாக சிக்குப் பிடிச்சு நாத்தம் வரும்.

ஸ்டீல்பைத்தியம்:
அண்ணா சொன்னதுல கல்லு விஷயம் நூறு சதவீதம் சரி, ஆனா கடை வேலைக்கு ஒப்பினெல்ன்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு கையில பெட்டியைப் பிடிச்சிருப்பாரு, இன்னொரு கையால கத்தியைத் திறக்கணும், ஒப்பினெல்லுக்கு ரெண்டு கை வேணும், வளையம் வேற திருப்பணும், தினமும் முப்பது தடவை இதைச் செஞ்சா சலிச்சுப் போயிடும் ப்ரோ. என் ஓட்டு லைனர் லாக். உள்ள இருக்கிற தகடு ப்ளேடுக்குப் பின்னாடி வந்து முட்டுக் குடுக்கும், மூடணும்னா கட்டைவிரலால தகடை ஒதுக்கினா போதும். இந்த பட்ஜெட்டுல சைனா கத்திங்க நல்லாவே வருது, 8சிஆர்13எம்ஓவின்னு ஒரு ஸ்டீல் போட்டிருப்பாங்க, பேரு பயமுறுத்தும் ஆனா சாதுவான ஸ்டீல், துருவுக்கும் ஓரளவு தாங்கும், கல்லுக்கும் கேக்கும்.

டி2 பத்தி கேட்டீங்க. அது அச்சு டை எல்லாம் செய்யுற டூல் ஸ்டீல், குரோமியம் 12 சதவீதம் இருக்கு, ஆனா கார்பனும் ஒன்றரை சதவீதம் இருக்கறதால குரோமியத்துல பாதி கார்பனோட சேந்து கெட்டியான துகளா போயிடும், துருவைத் தடுக்க மிச்சம் இருக்கிறது கம்மி. அந்தத் துகள்னாலதான் கூர் ரொம்ப நாள் நிக்குது, அதே துகள்னாலதான் புதுசா தீட்டுறவங்க மணிக்கணக்கா தேச்சும் கூர் வராம அழுவாங்க. கடலோரத்துல இருக்கற முதல்முறை ஆளுக்கு டி2 வேண்டாம்.

எது வாங்கினாலும் கையில வந்ததும் இதைப் பாருங்க: திறந்து பிடிச்சு ப்ளேடை ரெண்டு பக்கமும் ஆட்டுங்க, ஆடக்கூடாது. லாக் தகடு ப்ளேடோட அடியில முழுசா உக்காந்திருக்கணும், ஓரத்துல தொத்திக்கிட்டு இருந்தா உடனே திருப்பி அனுப்பிடுங்க. நான் ஆரம்பத்துல ஆன்லைன்ல ஒரு கடைல பேரைப் பாத்து ஏமாந்து டூப்ளிகேட் வாங்கினேன், ஆணி இறுக்கினா திறக்காது, தளர்த்தினா ப்ளேடு ஆடும், ஒரு வாரத்துல தூக்கிப் போட்டேன். பெரிய கம்பெனி டிசைனைக் காப்பியடிச்சு லோகோ போட்டு பாதி விலைக்கு வந்தா தொடவே தொடாதீங்க.

நடைபயணி:
நான் கொடைக்கானல் பக்கம் டிரெக்கிங் கூட்டிட்டுப் போறவ. பன்னெண்டு வருஷமா என் பையில இருக்கிறது விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன்னு ஒரு ஸ்விஸ் கத்தி, சிவப்புப் பிடி, மூடினா 91 மில்லிமீட்டர். பெரிய ப்ளேடு சின்ன ப்ளேடு, டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், குத்தூசி, ஓப்பனர் நுனில ஸ்க்ரூடிரைவர். எலக்ட்ரிக்கல் கடைன்னா உங்களுக்கு அந்த நுனி தினமும் உதவும். ஸ்டீல் கொஞ்சம் மிருது, சீக்கிரம் மழுங்கும், ஆனா பீங்கான் கப்பைக் கவுத்துப் போட்டு அடில இருக்கற சொரசொர வளையத்துல பத்து இழுப்பு இழுத்தா திரும்ப வந்துடும், காட்டுக்குள்ள நான் அப்படித்தான் பண்றேன். துருவா, பன்னெண்டு வருஷ மழைல ஒரு புள்ளி கூட வரல.

ஆனா ஒண்ணு கவனமா கேட்டுக்கோங்க. இதுல லாக் கிடையாது, முதுகுல இருக்கற ஸ்பிரிங்தான் ப்ளேடைப் பிடிச்சிருக்கும். ஆரம்பத்துல நான் ஒரு மூங்கில்ல ஓட்டை போடணும்னு முனையால குத்தி அழுத்தினேன், ப்ளேடு மடங்கி ஆள்காட்டி விரல் மேல வந்துடுச்சு, நாலு தையல். தப்பு கத்தி மேல இல்ல. அறுக்கறது மட்டும்தான் இதோட வேலை, குத்தறதுக்குக் குத்தூசி இருக்கு, அதையும் பாத்துதான் அழுத்தணும். லாக் இருக்கற கத்தியிலயும் இதே பழக்கம் வச்சுக்கோங்க தம்பி, லாக்கை நம்பி விரலை வைக்காதீங்க.

டெல்லி_தமிழன்:
யாரும் சட்டம் பத்திப் பேசல, அதனால நான். 1959 ஆயுதச் சட்டத்துக்கு 2016ல வந்த விதிகள்ல 9 அங்குல நீளத்துக்கு மேல இல்லன்னா 2 அங்குல அகலத்துக்கு மேல போற கத்திங்களைத்தான் ஆயுதப் பட்டியல்ல வச்சிருக்காங்க, அதுலயும் வீட்டு வேலை விவசாயத்துக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு. நீங்க பேசுற சைஸ் அதுக்குப் பக்கத்துல கூட வராது. ஆனா இங்க டெல்லில 1980ல தனி அறிவிக்கை ஒண்ணு போட்டிருக்காங்க, பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி மாதிரி ஏதாவது விசைல திறந்து மூடற கத்தி 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் தொட்டா வழக்குதான். அதனால பட்டன் தட்டினா பாயற கத்தி எந்த ஊர்லயும் வேண்டாம். ஃப்ளைட்ல கைப்பைல எடுத்துட்டுப் போகாதீங்க, பிடுங்கிடுவாங்க, செக்-இன் பெட்டில போடுங்க. கோயில், திருவிழாக் கூட்டம், கட்சிக் கூட்டம் போறப்ப வீட்டுல வச்சிட்டுப் போங்க.

உப்புக்காத்து:
இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி. ஒரே சந்தேகம், அட்டைப்பெட்டி அறுத்தா கத்தி சீக்கிரம் மொக்கையாயிடும்னு படிச்சேன், நிஜமா? அப்புறம் எங்க தெருவுல சாணை பிடிக்க ஒருத்தர் வருவாரு, அவர்கிட்டயே குடுத்துடலாமா?

சாணைக்கல்:
நிஜம்தான். அட்டைக்குள்ள மண்ணு தூசி எல்லாம் இருக்கும், உப்புத்தாளை அறுக்கற மாதிரி. அதனால அந்த ப்ளாஸ்டிக் கட்டரைத் தூக்கிப் போடாதீங்க, அட்டையை அறுக்க அது, டேப்பு, கயிறு, பழத்துக்கு இது. சாணைக்காரர்கிட்ட அருவாள், அருவாமனை குடுங்க, அதுக்கு அவர் கை நல்ல கை. ஆனா இந்த மெல்லிசு அலகு காஞ்ச சக்கரத்துல பட்டா நொடில சூடேறி ஓரம் நீலம் பூத்துடும், இரும்போட பதம் போனா போனதுதான்.

கல்லு 1000 நம்பர் ஒண்ணு போதும். அலகோட ஓரத்துல மார்க்கர் பேனாவால கறுப்பு பூசுங்க. கல்லு மேல கத்தியை நெட்டுக்குத்தா நிறுத்தினா 90, பாதி சாச்சா 45, அதுலயும் பாதி சாச்சா 22, அந்தச் சாய்வை விடாம தள்ளுங்க. மை முழுசா அழிஞ்சா சாய்வு சரி, மேல்பக்கம் மட்டும் அழிஞ்சா ரொம்பப் படுத்துட்டீங்க, ஓரம் மட்டும் அழிஞ்சா ரொம்ப நிமிந்துட்டீங்க. மறுபக்கம் விரலை ஓரத்துக்குக் குறுக்க வெளிப்பக்கமா தடவினா பிசிறு (ஓரத்துல சுருண்டு நிக்கற மெல்லிசு இரும்பு) தட்டும், நுனில இருந்து அடி வரைக்கும் தட்டினா திருப்பிப் போட்டு அதே மாதிரி. கடைசில பழைய தோல் பெல்ட்டுல பின்வாக்குல இருபது இழுப்பு.

உப்புக்காத்து:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நம்பர் 8 இனாக்ஸ் வாங்கிட்டேன், கல்லும் வந்துடுச்சு. ஒரு கையால திறக்க முடியலன்றது உண்மைதான், ஆனா அட்டைக்குக் கட்டரையே வச்சுக்கிட்டதால பெருசா தெரியல. முதல் ரெண்டு தடவை தீட்டினப்ப முன்ன இருந்ததை விட மோசமாயிடுச்சு, மை ஓரத்துல மட்டும் அழிஞ்சிட்டு இருந்துச்சு, அண்ணா சொன்ன மாதிரி நிமித்திப் பிடிச்சிருக்கேன். மூணாவது தடவை ஞாயித்துக்கிழமை மாடில உக்காந்து ஒண்ணரை மணி நேரம் எடுத்துக்கிட்டேன், பிசிறு தட்டுச்சு. நேத்து கடைக்கு நாலு கொய்யா வாங்கிட்டுப் போயி நானே நறுக்கி எல்லாருக்கும் குடுத்தேன், அந்த அண்ணன் கத்தியை வாங்கி நகத்து மேல வச்சுப் பாத்துட்டு என்னுதையும் தீட்டிக் குடுடான்னு அவரோடதை எடுத்து நீட்டினாரு. அவரோடது கார்பன், அலகுல அங்கங்க துரு இருக்கு. தீட்டறதுக்கு முன்னாடி அந்தத் துருவை எதை வச்சு எடுக்கறது, சாணைக்கல் அண்ணா?