மறுமொழி: ‘சூப்ராநேஷனல்’ – மீநாட்டா, நாடுகடந்ததா, கூட்டிறைமையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில், வந்த மடல்களுக்குச் சேர்த்தே விடை எழுதுகிறேன். பாடக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒருங்கிணைப்பு பற்றிய அலகில், உறுப்பு நாடுகளின் அரசுகளுக்கு மேலே நின்று அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் குறிக்கும் ‘சூப்ராநேஷனல்’ (supranational) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பதே நம் கேள்வி; அந்த ஒரு சொல்லின் இடம் இன்னும் வெற்றாகவே கிடக்கிறது. சென்ற ஆண்டு ‘மேல்நாட்டு அதிகாரம்’ என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவி விடைத்தாளில், “மேல்நாடுகளோடு சேர விருப்பமில்லாததால் 1950இல் பிரிட்டன் ஒதுங்கியது” என்று எழிலான கையெழுத்தில் எழுதியிருந்தார். பிழை அவருடையதன்று; என் சொல்லினுடையது.

> ‘நாடுகடந்த’ என்பது எல்லாருக்கும் புரியும். புரியாத தனித்தமிழ் யாருக்காக?

ஐயா, புரிவதுபோல் தோன்றுவதுதான் இங்கே இடர். ‘நாடுகடந்த நிறுவனம்’ என்றால் பல நாடுகளில் கிளை பரப்பிய வணிக நிறுவனமே நினைவுக்கு வரும். எல்லையைத் தாண்டுவது வேறு. எல்லைக்குள் இருக்கும் அரசையே பிணிப்பது வேறு. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான் அறிவித்த திட்டம், பிரான்சு, மேற்கு ஜெர்மனி ஆகியவற்றின் நிலக்கரியையும் எஃகையும் ஓர் உயர் ஆணையத்தின்கீழ் வைத்து, அதன் முடிவுகள் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்றது. அந்தக் கொள்கையை முன்கூட்டியே ஏற்றால்தான் பேச்சுவார்த்தை என்ற நிபந்தனையை பிரிட்டன் பிரதமர் அட்லியின் அமைச்சரவை ஜூன் 2 அன்று மறுத்தது. 1947இல்தான் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியிருந்த அரசு அது. ஆனால் அரசுகள் கூடிப் பேசிக் கலையும் அமைப்புகளில் லண்டனுக்கு மனத்தடை இருந்ததில்லை. அத்தகைய அமைப்பான ஐரோப்பியப் பேரவையின் (Council of Europe) ஒப்பந்தம் 1949இல் லண்டனிலேயே கையெழுத்தானது. ஆகவே, இத்தகைய அமைப்புகளைக் குறிக்கும் ‘அரசிடை’ (intergovernmental) என்ற சொல்லுக்கு எதிரே நிறுத்தும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும் சொல்தான் நமக்கு வேண்டும்.

> ‘மேலே’ என்று பொருள்படும் ‘மீ’ சங்கம் தொட்டு வருவது. மாலுமியைக் குறிக்கும் ‘மீகாமன்’ என்பதிலும் அதுவே உண்டு.

மீகாமனில் இருப்பது இந்த ‘மீ’தானா என்று மூன்று நாளாக நடக்கும் வழக்கில் நான் நுழையவில்லை. எனக்கு, “மீக்கூறும் மன்னன் நிலம்” என்ற குறளடி ஒன்றே போதும். மீயொலி (ultrasound), மீயுரை (hypertext) என்று இன்றைய வழக்கிலும் அந்த முன்னொட்டு உயிரோடு இருக்கிறது.

ஆனால் அதே நண்பர் தந்த ‘மீயரசு’ (superstate) என்பதை ஏற்க முடியாது. 1988இல் பெல்ஜியத்தின் புரூஜ் நகர உரையில் பிரிட்டன் பிரதமர் தாட்சர் எதிர்த்தது, புருசெல்சிலிருந்து ஆதிக்கம் செலுத்தும் ஐரோப்பிய மீயரசைத்தான். பெரும்பான்மை வாக்கால் முடிவெடுக்கும் முறையை விரிவாக்கிய 1986ஆம் ஆண்டின் ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தில் ஒப்பமிட்டதும் அவருடைய அரசுதான். வழக்காடும் இரு தரப்பில் ஒருவரின் சொல்லைக் கலைச்சொல்லாக்கினால் மாணவர் தீர்ப்போடுதான் பாடத்தைத் திறப்பார்.

‘மீநாட்டு’ என்பதில் அந்தச் சாய்வு குறைவு. ஸ்பானியர்களுக்கு உரிமையான மீன்பிடிக் கப்பல்கள் பற்றிய ஃபாக்டர்டேம் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் விதிகள் ஐரோப்பியச் சட்டத்தோடு மோதுவதாக வழக்கு எழுந்தது; லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் விடைக்குப் பின், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையே 1990இல் அவ்விதிகளைச் செயற்படாமல் நிறுத்திவைத்தது. ‘மீநாட்டுச் சட்டம்’ என்று கரும்பலகையில் எழுதி இதைச் சொன்னால் வகுப்பு பிடித்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்து அம்மையாரின் மறுப்பு மட்டும் என்னை விடவில்லை. ‘மீ’ என்பது அதிகாரம் எங்கே அமர்ந்திருக்கிறது என்று காட்டுகிறதே தவிர எங்கிருந்து வந்தது என்று காட்டவில்லை. நாடுகளே ஒப்பிக் கொடுத்ததால்தான் 2020 சனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிப் பிரிட்டன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது. எனவே, நாடுகள் ஒன்றுகூட்டிய இறைமை என்ற பொருளில், ‘கூட்டிறைமை’ என்றே சொல்ல வேண்டும் என்கிறார். கருத்து முற்றும் சரி. ஆயினும் ‘கூட்டிறைமை நீதிமன்றம்’ என்று அடைமொழியாக வைத்துப் பார்த்தால் பொருள் கலங்குகிறது. அவர் இன்னும் இணங்கவில்லை. இணங்கும்படி நான் கேட்கவும் இல்லை. அவர் சொல்லை அடிக்குறிப்பில் அவர் காரணத்தோடு சேர்க்கிறேன்.

எதிர்ப்பவர்கள் களைத்துப்போனதால் கிடைத்த பெரும்பான்மை என்றாலும், அச்சுக்கு ‘மீநாட்டு’ போகிறது. பண்புப்பெயர் மட்டும் மீதி: மீநாட்டியம் என்றால் நாட்டியம் காதில் விழுகிறது, மீநாட்டுமை என்றால் நா இடறுகிறது. வியாழன் இரவுக்குள் எவரேனும் வழி சொல்லுங்கள்.