வெளிக்கள வயர்லெஸ் பயிற்சி நாள்: ஒத்திகையில் லிங்க் −67, ரேடியோ ரீபூட், மெஷ் முடக்கம். உதவி தேவை

மைதானத்தான்:
வணக்கம். திறந்த மைதானத்தில் ஒரு நாள் சமூக வயர்லெஸ் பயிற்சி. 60 பேர், ஐந்தைந்து பேராக 12 குழு. மைதானம் 200 மீட்டருக்கு 150 மீட்டர்.

இன்டர்நெட் 1.2 கிலோமீட்டர் தள்ளி ஒரு மொட்டை மாடியிலிருந்து வருகிறது. 5.8 கிகாஹெர்ட்ஸ், இரண்டு பக்கமும் 23 டிபிஐ (சிக்னலைக் குவிக்கும் திறனின் அளவு) டிஷ், அனுப்பும் பவர் 20 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு). மைதானத்தில் 6 மீட்டர் கம்பம், அங்கிருந்து கூடாரத்துக்கு 30 மீட்டர் கேபிள். கரண்ட் கிடையாது. 12 வோல்ட் 26 ஏஹெச் (ஆம்பியர் மணி) லெட் ஆசிட் பேட்டரியை நேராக பிஓஈ இன்ஜெக்டரில் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே ரேடியோவுக்குக் கரண்ட் ஏற்றும் பெட்டி) கொடுத்திருக்கிறோம், ரேடியோ 10.5 முதல் 25 வோல்ட் வரை ஏற்கும் என்று போட்டிருக்கிறது. குழுக்களுக்கு ஓபன்டபிள்யூஆர்டி (திறந்த மூல ரூட்டர் மென்பொருள்) போட்ட ரூட்டர், 802.11எஸ் என்ற வைஃபை மெஷ் தரத்தின் மேல் பேட்மேன் மெஷ். அதாவது ரூட்டர்களே பாதை கண்டுபிடித்து ஒன்றுக்கொன்று தரவைக் கைமாற்றும் வலை.

ஒத்திகையில் வந்த சிக்கல்கள்:

1. லிங்க்கின் சிக்னல் கணக்குப்படி −43 டிபிஎம் வர வேண்டும், அதைவிடப் பலவீனமாக −67 தான் வருகிறது. டிஷ்ஷை எந்தப் பக்கம் அசைத்தாலும் இன்னும் குறைகிறது. குறுக்கே மரம் இல்லை.
2. ரேடியோ சும்மா இருந்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் ரீபூட். பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கிறது.
3. ஏழு குழு வரை மெஷ் ஓடியது. எட்டாவது குழு சேர்ந்ததும் மொத்தமும் நின்றது. சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடவென்று மின்னின.
4. கூடாரத்தில் உள்ள சர்வரின் இணையப் பக்கம் சில ஃபோன்களில் திறக்கவில்லை. வைஃபை சிக்னல் முழுசாக இருக்கிறது.

இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்கலாம்?

ஃபிரெனல்:
முதல் சிக்கலுக்கு மட்டும் நான் சொல்கிறேன். உங்கள் கணக்கு சரி. 1.2 கிலோமீட்டருக்கு 5.8-இல் பாதை இழப்பு 109 டிபி சொச்சம்; 20 + 23 + 23 − 109 = −43. 24 டிபி காணாமல் போயிருக்கிறது, எந்தப் பக்கம் அசைத்தாலும் குறைகிறது என்றால் ஒரு டிஷ் பக்க மடலில் (நடுக்கற்றைக்குப் பக்கத்தில் வரும் பலவீனமான கற்றை) பூட்டப்பட்டிருக்கிறது. 23 டிபிஐ டிஷ்ஷின் நடுக்கற்றை சுமார் 10 டிகிரிதான். அதற்கு வெளியே சின்னச் சின்ன மேடுகள் உண்டு. அதில் ஒன்றின் உச்சியில் நின்றுகொண்டு இதுதான் மலை என்று நினைத்திருக்கிறீர்கள்.

எதிர்ப் பக்கத்தைத் தொடாமல் பூட்டி வையுங்கள். உங்கள் டிஷ்ஷை இடப்பக்கம் 30 டிகிரி கொண்டுபோய், அங்கிருந்து 2 டிகிரி 2 டிகிரியாக வலக்கோடி வரை வாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 3, 4 விநாடி பொறுத்துப் பிறகு எண்ணை எழுதுங்கள். திரையில் வருவது சராசரி, கை அசைந்த உடனே மாறாது. தாளில் மூன்று மேடு தெரியும். நடு மேடுதான் உங்களுக்கு வேண்டியது. அங்கே நிறுத்தி இதையே மேல்-கீழாகச் செய்யுங்கள். பிறகு பூட்டிவிட்டு எதிர்ப் பக்கம். போல்ட்டை ஒரே மூச்சில் முறுக்காதீர்கள். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், எண்ணில் ஒரு கண் இருக்கட்டும். இறுக்கும்போதே டிஷ் நகர்ந்து 5, 6 டிபி போய்விடும்.

முடிந்ததும் இரண்டு செயினின் (ரேடியோவுக்குள் உள்ள இரண்டு தனி சிக்னல் பாதைகள்) எண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். 3, 4 டிபிக்குள் வித்தியாசம் என்றால் நல்லது. ஒன்று −50, மற்றது −68 என்றால் திருப்பிப் பயனில்லை, உள்ளே ஒரு கனெக்டர் கழன்றிருக்கிறது.

இன்னொன்று. 20 டிபிஎம்மோடு 23 சேர்த்தால் 43 டிபிஎம் வெளியே போகிறது. பல நாடுகளில் இந்தப் பட்டைக்கு உச்சம் 36 தான். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுப் பவரை 13-க்கு இறக்குங்கள். அப்போதும் −50 வரும், அது தாராளம். அமைப்பில் தூரத்தை 1200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். குறைவாக இருந்தால் பதில் வந்து சேருமுன்னே ரேடியோ மறுபடி அனுப்பும், சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் வராது.

பாதை நடுவில் ஃபிரெனல் வட்டத்தின் (பார்வைக்கோட்டைச் சுற்றி சிக்னல் பரவிப் போகும் இடம்) ஆரம் 4 மீட்டர் வரும், அதில் 60 சதவீதமாவது திறந்திருக்க வேண்டும். பார்வைக்கோட்டுக்குக் கீழே 2.4 மீட்டரில் ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கண்ணுக்கு மறு முனை தெரிகிறது என்பது மட்டும் போதாது.

கிரிம்பிங் கை:
ரெண்டாவது சிக்கல் பேட்டரி இல்ல, கேபிள். அந்த கேபிள் மேல "சிசிஏ"ன்னு அச்சடிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. அது அலுமினியத்துக்கு மேல செப்புப் பூச்சு. இல்லன்னா ஒரு நுனியக் கத்தியால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா இருந்தா அதேதான்.

30 மீட்டர் அசல் செப்புக் கேபிள்ல, பிஓஈக்கு ரெண்டு ஜோடி போகும்போது, போக வர மொத்தம் 2.8 ஓம் கிட்ட வரும். சிசிஏன்னா 4.5. ரேடியோ சும்மா இருக்கும்போது 4 வாட்னு வச்சுக்குங்க. சிசிஏல 12.4 கிளம்பி மேல 10.7 போய்ச் சேரும். 10.5க்கு ஒரு மயிரிழை மேல, அதனால ஓடுது. ஸ்பீடு டெஸ்ட்ல 8 வாட் கேக்கும். அப்ப மேல போறது 7.8 வோல்ட். உடனே ரீபூட். வோல்ட் குறையக் குறைய ரேடியோ கரண்ட்ட அதிகமா இழுக்கும், கரண்ட் ஏற ஏற கேபிள் இன்னும் தின்னும். பேட்டரி முனையில மீட்டர் வச்சுப் பாத்தா இது தெரியவே தெரியாது. கம்பத்து உச்சியில, லோடு ஓடும்போது அளக்கணும்.

அசல் செப்பு போட்டாலும் 12 வோல்ட்ல மேல 10.2 தான் வரும், பத்தாது. 12-லிருந்து 24 ஆக்குற பூஸ்ட் கன்வெர்ட்டர் ஒண்ணு, 1 ஆம்பியர் தாங்குறது, பேட்டரிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவுல போடுங்க. அப்ப அதே 8 வாட்டுக்குச் செப்புல 1 வோல்ட் தான் விழும், மேல 23 வரும். ரேடியோவ மாட்டுறதுக்கு முன்னாடி கன்வெர்ட்டரோட அவுட்புட்ட மீட்டர்ல பாத்து 24-ல நிறுத்துங்க; வாங்கின நிலையில அந்தத் திருகு எங்க நிக்கும்னு சொல்ல முடியாது, 30 வந்தா ரேடியோ போச்சு. பேட்டரி பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள 5 ஆம்பியர் ஃபியூஸ். பாஸிவ் பிஓஈல (எதையும் சோதிக்காம நேரா வோல்ட் ஏத்துற வகை) கேபிளோட 4, 5-ஆம் கம்பி பிளஸ், 7, 8 மைனஸ். இந்த இன்ஜெக்டர்ல தப்பித்தவறி லேப்டாப்ப செருகிடாதீங்க, போர்ட்டு கருகிடும். அந்த முனைக்குச் சிவப்பு டேப் சுத்துங்க.

பாக்கெட் பரதேசி:
மூன்றாவது: எட்டாவது குழு தன் ரூட்டரின் லேன் போர்ட்டைக் கூடாரத்துச் சுவிட்சில் செருகியிருக்கும். கேட்டுப் பாருங்கள். கேட்வே ரூட்டர் (மெஷ்ஷை இன்டர்நெட்டோடு சேர்ப்பது) ஏற்கெனவே சுவிட்சிலும் இருக்கிறது, மெஷ்ஷிலும் இருக்கிறது. இப்போது கம்பி வழியாக ஒரு பாதை, காற்று வழியாக ஒரு பாதை. ஒரு பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் பாக்கெட்) உள்ளே போனால் சுற்றிக்கொண்டே இருக்கும். விளக்கெல்லாம் ஒன்றாகப் படபடத்ததே, அதுதான் அடையாளம். பேட்மேனில் பிரிட்ஜ் லூப் தவிர்ப்பு என்று ஒரு அமைப்பு உண்டு. எல்லா ரூட்டரிலும் அதை இயக்குங்கள். ஒன்றில் விட்டாலும் அந்த ஒன்றுதான் காலை வாரும்.

ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். பயிற்சி வலையையும் இன்டர்நெட் கொண்டுவரும் வலையையும் ஒரே லேயர் 2-இல் (நடுவில் ரூட்டர் பிரிக்காத ஒரே வலை) வைத்ததே தப்பு. 60 பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள், தப்பாகச் செருகத்தான் செய்வார்கள், அதற்குத்தானே பயிற்சி. நடுவில் ஒரு ரூட்டர் வைத்து நேட் (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் முறை) போட்டுப் பிரியுங்கள். பயிற்சிப் பக்கம் என்ன வெடித்தாலும் சர்வரும் லிங்க்கும் நிற்காது. டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வழங்கும் வேலை) ஒரே இடத்தில் மட்டும். 12 ரூட்டரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போகும். முதல் நாள் இரவே குழு எண்ணைக் கடைசியில் வைத்து 10.20.0.1, 10.20.0.2 என்று போட்டு, அதே எண்ணை ரூட்டர் முதுகில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

மெஷ் இடைமுகத்தின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1532 ஆக்குங்கள். பேட்மேன் தன் தலைப்புக்கு 32 பைட் எடுத்துக்கொள்ளும். 1500-லேயே விட்டால் பெரிய பாக்கெட்டெல்லாம் துண்டாகிப் போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 200 மீட்டர் திறந்த வெளியில் 12 ரூட்டரையும் முழுப் பவரில் வைத்தால் எல்லாம் எல்லாவற்றையும் நேரடியாகக் கேட்கும். மெஷ் பயிற்சியில் ஒரு ஹாப் (இடையில் ஒரு ரூட்டர் கைமாற்றித் தருவது) கூட வராது, வந்தவர்களுக்கு அது வெறும் வைஃபையாகத்தான் தெரியும். பவரை 1 முதல் 5 டிபிஎம்முக்குள் இறக்கி, கடைசி நான்கு ரூட்டரைத் தரையில் வையுங்கள். தரையே பாதி சிக்னலைத் தின்றுவிடும், இரண்டு மூன்று ஹாப் தானாக வரும். ஒரே ரேடியோவில் ஒவ்வொரு ஹாப்புக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாவதையும் அங்கேயே அளந்து காட்டலாம்.

ஓட்டைக்குடை:
நான்காவது. ஃபோன் வைஃபையில் சேர்ந்ததும் இன்டர்நெட் இருக்கிறதா என்று தானே சோதித்துப் பார்க்கும். உங்கள் லிங்க் ரீபூட் ஆகிக்கொண்டிருந்த நேரத்தில் இல்லை என்று முடிவு கட்டி, வைஃபை சின்னத்தைக் காட்டிக்கொண்டே மொபைல் டேட்டாவுக்குப் போயிருக்கும். ஏரோப்ளேன் மோட் போட்டு வைஃபையை மட்டும் இயக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் திறக்காதவை தனிப்பட்ட டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்ற வெளி சர்வரையே கேட்கும் அமைப்பு) போட்ட ஃபோன்களாக இருக்கும். பெயருக்குப் பதில் ஐபியை அடித்தால் திறக்கும். சர்வரின் ஐபியைக் கூடார வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

இந்த ரூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடிகார பேட்டரி கிடையாது. லிங்க் இல்லாமல் எழுந்தால் பழைய தேதியில் நிற்கும், சான்றிதழ் பிழை வரும். கேட்வேயே நேரம் கொடுக்கும்படி வைத்துவிடுங்கள்.

மைதானத்தான்:
எல்லோருக்கும் நன்றி. டிஷ் நடு மேட்டில் உட்கார்ந்தது. பவர் 13-இல் −51, செயின் வித்தியாசம் 2. கேபிள் சிசிஏ தான். மாற்றி, 24 வோல்ட் கொடுத்ததும் அரை மணி நேரம் லோடு போட்டும் ரீபூட் இல்லை. எட்டாவது குழு லேன் போர்ட்டில்தான் செருகியிருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. குழு ரூட்டர்களை சேனல் 100-இல் போட்டால் ஒரு நிமிடம் சிக்னலே வருவதில்லை, பழுதா? பேட்டரி 7 மணி நேரம் தாங்குமா? ரேடியோ 8, ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கும் கருவி) 6, சுவிட்ச் 5 வாட்.

பாக்கெட் பரதேசி:
பழுதில்லை. 52 முதல் 144 வரை ரேடாரோடு பங்கிடும் சேனல்கள். ரூட்டர் 60 விநாடி கேட்டுவிட்டுத்தான் பேசும். நடுவில் ரேடார் கேட்டால் அந்தச் சேனலை விட்டு 30 நிமிடம் விலகி நிற்க வேண்டும். பயிற்சி நாளுக்கு இது வேண்டாத வம்பு. மெஷ்ஷை 36-இல் வையுங்கள். தனித்தனி ஆக்சஸ் பாயின்ட் பயிற்சியை 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்று சேனலுக்கு நான்கு குழுவாக, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பிரித்துக் கொடுங்கள்.

கிரிம்பிங் கை:
19 வாட், கன்வெர்ட்டர் இழப்போட 22. 7 மணி நேரத்துக்கு 154 வாட் மணி. உங்க பேட்டரி 12 × 26 = 312, லெட் ஆசிட்ல பாதிக்கு மேல எடுக்கக் கூடாதுன்னா 156. ஏட்டுல சரி, களத்துல சாயங்காலம் கவுத்திடும். 40 ஏஹெச் வைங்க, இல்ல 20 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்.

கம்பத்தப் பத்தி யாரும் பேசல. மூணு ஸ்டே கயிறு (கம்பத்த இழுத்துக் கட்டுறது), 120 டிகிரிக்கு ஒண்ணு, முளை கம்பத்தோட அடிவாரத்துலேருந்து 3.5 மீட்டர்லேருந்து 4 மீட்டருக்குள்ள. நைலான் வேணாம், நனைஞ்சா இழுபடும், சிக்னல் ஆடும், பாலியெஸ்டர் எடுங்க. நிமுத்த 5 பேர்: கயித்துக்கு மூணு, அடியில மிதிச்சுப் பிடிக்க ஒருத்தர், தூக்கிட்டு நடக்க ஒருத்தர். கம்பம் எந்தப் பக்கம் சாஞ்சாலும் எட்டாத தூரத்துல மின்கம்பி இருக்கணும். 10 மீட்டருக்குள்ள இருந்தா இடத்த மாத்துங்க. இடி சத்தம் கேட்டா கேபிளத் தொடாதீங்க, எல்லாரும் கம்பத்த விட்டு விலகிக் கட்டடத்துக்குள்ள போயிடணும். கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் கழிச்சுத்தான் திரும்ப வரணும். அதனால காலையில மேகம் கறுத்திருந்தாலே கம்பத்த ஏத்தாதீங்க, லிங்க் இல்லாம உள்ளூர் சர்வரோட பயிற்சிய ஆரம்பிச்சிருங்க.