‘ஸ்கீமேட்டிக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

பொருளின் உண்மையான உருவத்தைக் காட்டாமல், குறிகளாலும் கோடுகளாலும் அதன் அமைப்பை மட்டும் காட்டும் படம்தான் ‘ஸ்கீமேட்டிக்’. அதற்கு மின்சுற்றுக் கட்டுரையில் ‘திட்ட வரைபடம்’ என்று இருப்பதை மாற்றலாம் என்றேன். இருப்பதே போதுமே, ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மின்னணுவியலைப் புதிதாகக் கற்கும் ஒருவர், படத்தைப் பார்த்து ஒரு சுற்றை அமைத்துவிட்டு, எல்இடி எரியவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார். படத்தில் மூன்று இடங்களில், சுற்றின் பொதுப்புள்ளியைக் காட்டும் கிரவுண்டு குறி இருந்தது. ஒன்றின் கீழ் ஒன்றாகக் குறுகிக்கொண்டே போகும் மூன்று கோடுகள், அதேதான். பேட்டரியின் எதிர்முனையில் ஒன்று, டிரான்சிஸ்டருக்குக் கீழே ஒன்று, இன்னொரு மூலையில் ஒன்று. மூன்றும் ஒரே புள்ளி. மூன்றையும் வயரால் சேர்த்தாக வேண்டும். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் படத்தைக் கெடுக்கும் என்றுதான் வரைபவர்கள் குறியைப் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். அவரோ, கோடு இல்லாத இடத்தில் வயரும் கிடையாது என்று எடுத்துக்கொண்டு மூன்று முனைகளையும் அந்தரத்தில் விட்டிருந்தார். “பேட்டரியில் ஓடுவதற்கு எதற்கு எர்த்?” என்று வேறு கேட்டார். நியாயமான கேள்விதான், மண்ணில் இணைக்கும் எர்த்துக்கும் இதே குறிதானே. அவர் படத்தைக் கவனமில்லாமல் பார்க்கவில்லை. புகைப்படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

‘திட்ட வரைபடம்’ என்ற பெயர் அவருக்கு என்ன உதவி செய்தது? ‘வரைபடம்’ ஏற்கெனவே சுமை தாங்காமல் நிற்கிறது. கணக்கில் எக்ஸ், ஒய் அச்சு போட்டு வரைவதும் வரைபடம், நாடு நகரம் காட்டுவதும் வரைபடம், வீடு கட்டப் போடுவதும் வரைபடம். முன்னால் ‘திட்ட’ சேர்த்ததும், கட்டப்போகிற பொருளின் பிளான் என்றுதான் தோன்றும். பிளான் என்றால் அளவு சரியாக இருக்கும் என்று நம்புவதும் இயல்பு. இந்தப் படத்தில் இல்லாதது அதுதானே?

மூலச்சொல்லைத் தேடிப் போனாலும் பலனில்லை. கிரேக்கத்தில் ‘ஸ்கீமா’ என்றால் உருவம், வடிவம். நாம் பேசுவதோ உருவத்தைக் கைவிட்ட படத்தைப் பற்றி! வேரைப் பிடித்து ‘உருவப்படம்’ என்று வைத்தால் சுவரில் மாலை போட்டு மாட்டிவிடுவார்கள்.

‘இணைப்புப்படம்’ என்று ஒரு யோசனை வந்தது. மின்சுற்றுக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு வயர் போகிறது என்று காட்டும் வயரிங் படத்துக்கு அந்தப் பெயரை விட்டுவைப்பது நல்லது. அப்புறம், இந்த வகைப் படம் மின்சாரத்தோடு முடிவதில்லை. இரத்த ஓட்டப் படத்தையே பாருங்கள். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்துக்கு நீலம் அடித்திருக்கும். உண்மையில் அது அடர்சிவப்பு. சிரையில் நீல இரத்தம் ஓடுகிறது என்று நம்பும் படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாட நூலின் வண்ணம் செய்த வேலை அது.

தெரிந்தே வடிவத்தைக் கைவிட்டதற்குப் பெயர்பெற்ற உதாரணம், 1933இல் பொதுமக்கள் கைக்கு வந்த லண்டன் சுரங்க ரயில் படம். வரைந்தவர் ஹாரி பெக். ரயில் பாதைகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் 45 பாகையிலும் மட்டும் ஓடவிட்டு, நெரிசலான நகர மையத்தைப் பெரிதாக்கி, புறநகர்த் தொலைவுகளைச் சுருக்கிவிட்டார். எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதற்கு அது போதும். அந்தப் படத்தை நம்பி நடக்கக் கிளம்பினால் கால் வலிக்கும்.

ஆக, பெயரைக் கேட்டதுமே ‘இது பொருளைப் போல இருக்காது, குறிகளால் ஆனது’ என்று படிப்பவருக்குப் பட வேண்டும். என் முன்மொழிவு: குறிப்படம். குறிச்சொல் வந்த அதே வழிதான். மின்குறிப்படம், குருதியோட்டக் குறிப்படம் என்று தொகையாக்கவும் தோதாக இருக்கிறது.

—

ஐயா, வணக்கம். காரணம் பிடித்திருக்கிறது, சொல்லில்தான் தயக்கம். ‘குறிப்படம்’ என்று தட்டினால் இரண்டு எழுத்து பிசகினால் ‘குறும்படம்’ ஆகிவிடும். தேடுபவர் சினிமாப் பக்கத்தில் போய் நிற்பார். கண்ணும் ‘குறிப்பிடம்’ என்று படிக்கப் பார்க்கிறது. சத்தமாக வாசித்துப் பாருங்கள், ‘குறி’ என்று தனியாக நிற்கும்போது வகுப்பில் பின்வரிசை சிரிக்கும். நான் பாடம் நடத்துகிறவள், சொல்கிறேன். ‘குறியீட்டுப்படம்’ என்றால் இந்த மூன்று தொல்லையும் இல்லை. நீளம்தான். ஆனால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

இன்னொன்று. எந்தப் பெயர் வைத்தாலும், கிரவுண்டு குறி மூன்றும் ஒன்று என்பதைப் பெயர் சொல்லாது. படத்துக்குக் கீழே எழுதினால்தான் உண்டு.

—

அம்மா, குறும்படத்தை நான் யோசிக்கவே இல்லை. பின்வரிசையையும்தான். குறியீட்டுப்படம் என்றே வைத்துக்கொள்வோம். தொகையில் நீள்கிறது என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ‘மின்சுற்றுக் குறியீட்டுப்படம்’ என்று எழுதும்போது கை வலிக்கிறது. சரி, பழகிவிடும். ‘ஸ்கீமேட்டிக்’ என்று தேடினாலும் இந்தப் பக்கத்துக்கே வரும்படி ஒரு வழிமாற்று போட்டுவிடுகிறேன்.

படத்தின் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: “குறியீட்டுப்படம். கிரவுண்டு குறி உள்ள இடங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்தவை. இடையில் கோடு வரையப்படவில்லை. வயரின் நீளம், பாகங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை இந்தப் படம் காட்டாது.” பேட்டரி குறியில் நீளக்கோடு நேர்முனை என்பதையும் சேர்க்கலாமா? அந்தப் படத்திலேயே கூட்டல் குறி இருக்கிறது, ஆனால் மிகச் சிறியதாக.