புதுப்பிப்பு: புடிச்ச கை விடாம இறுகிக்கிற பிரச்சனை, அசிட்டசோலமைடு மாத்திரைக்குக் கேட்டுச்சு

மூணு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன்ல, பைக் கிளட்ச் புடிச்சா விரல் உடனே விரியாது, இளநீர் குடிச்ச அன்னைக்கு இன்னும் மோசம்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மெக்னீசியம் மாத்திரை எனக்கு ஒண்ணும் பண்ணல. "பொட்டாசியத்தால கூடுற மயோடோனியாவா (இறுகின தசை சட்டுனு தளராத நோய்) இருக்கும், நரம்பு டாக்டர்கிட்ட போ"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதான் சரி. தசைல ஊசி குத்தி அதோட மின்சாரத்தைப் பாக்குற ஈஎம்ஜி டெஸ்ட்ல, ஸ்பீக்கர்ல பிளேன் கீழ பாயற மாதிரி சத்தம், அப்புறம் ஜீன் டெஸ்ட்ல எஸ்சிஎன்4ஏங்கிற ஜீன்ல, அதாவது தசைக்குள்ள சோடியம் போற வழியில (சோடியம் சேனல்) கோளாறு. இதுக்குப் பொதுவா மெக்சிலெட்டின்ங்கிற மருந்துதான் முதல்ல குடுப்பாங்களாம், எனக்கு இசிஜி பாத்துட்டு அசிட்டசோலமைடு 125 மி.கி. ரெண்டு வேளை ஆரம்பிச்சாங்க, பத்து நாள்ல கிளட்ச் விட்டதும் விரல் தானா விரியுது.

எதிர்பாக்காதது: விரல் நுனி, உதடெல்லாம் சுருசுருன்னு இருக்கு, அடிக்கடி ஒண்ணுக்கு வருது, அதைவிட கோலி சோடா சப்புன்னு ஆயிடுச்சு! இந்த மாத்திரை தடுக்குற கார்பானிக் அன்ஹைட்ரேஸ்ங்கிற என்சைம் நாக்குலயும் இருக்காம், அதைவெச்சுதான் சோடாவோட சுருக்கு தெரியுமாம். கிட்னி கல் வரலாம்னு தண்ணி நிறைய குடிக்கச் சொல்லிருக்காங்க, சல்ஃபா வகை மருந்து அலர்ஜி இருக்கான்னும் முதல்லயே கேட்டாங்க. பொட்டாசியம் அதிகம்ங்கிறதால இளநீர், வாழைப்பழம் கட்.