ஆதிச்சநல்லூரின் பொற்பட்டங்கள் எழும்பூரில் இருப்பது முறையா?

பொருநைக்கரையான்:
தாமிரபரணிக் கரையிலுள்ள பழங்கால ஈமக்களமான ஆதிச்சநல்லூரின் களத்து அருங்காட்சியகத்தை அண்மையில் இரண்டாம் முறையாகப் பார்த்துவிட்டு வந்தேன். அகழ்ந்த குழிகளை மூடிவிடாமல், அவற்றின் மேல் தடித்த கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளைக் கிடந்த கிடையிலேயே காட்டியிருப்பது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் அந்தத் தாழிகளோடு வைக்கப்பட்டிருந்த பொருள்களில் மிகச் சிறந்தவை அங்கே இல்லை. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் ஒரு பகுதியைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த பொற்பட்டங்கள், எருமையும் பறவையும் அமர்ந்த வெண்கல மூடிகள், இரும்புப் படைக்கலங்கள் ஆகியவை அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. பெர்லினை நாம் கேட்கத் தயங்கலாம். எழும்பூரைக் கேட்பதில் என்ன தயக்கம்? இரு முனையிலும் துளையிட்ட அந்த மெல்லிய பொற்றகடு இறந்தவரின் நெற்றியில் கட்டப்பட்டது என்று கொண்டால், அது தாழியோடும் எலும்போடும் சேர்ந்திருக்கும்போதுதான் ஒரு மனிதரின் ஈமச்சடங்கைப் பற்றிப் பேசும்; தனியே கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும்போது அது பழைய நகை, அவ்வளவே. ரீயின் சேகரிப்பு முழுவதும் களத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து.

எழும்பூர்ப் பழையவன்:
நண்பரின் ஆதங்கம் புரிகிறது. முடிவை ஏற்க இயலவில்லை. எழும்பூர் அருங்காட்சியகம் எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். சென்னை இலக்கியச் சங்கத்தின் முயற்சியால், 1851-இல், கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில், ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளுடன் அது தொடங்கியது. முதற் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபோர் ஒரு மருத்துவர். 1854-இல் எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்கு மாறியதும் அவர் அங்கே உயிருள்ள விலங்குகளையும் சேர்க்கத் தொடங்கினார். 1863-இல் அவை மக்கள் பூங்காவுக்கு இடம்பெயரும் வரை அருங்காட்சியக வளாகமே ஒரு விலங்குக் காட்சிச்சாலையாகவும் விளங்கியது. கல், விலங்கு, செடி, காசு, சிற்பம் அனைத்தையும் ஓரிடத்தில் வைத்து, தென்னாட்டை ஒட்டுமொத்தமாக அறிய முயன்ற நிறுவனம் அது.

அந்த நோக்கம் இன்றும் பயனற்றுப் போகவில்லை. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பை அரசு 1904-இல் விலைக்கு வாங்கி அங்கே வைத்தது. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களோடு பெரும்பேர் என்ற ஊரின் ஈமப் பொருள்களையும் சேர்த்தே ரீ 1915-இல் அட்டவணை வெளியிட்டார். கற்கோடரியில் தொடங்கி இரும்பு வாள் வரை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய இடம் தமிழ்நாட்டில் வேறு எங்கே உள்ளது? கிடைத்த இடத்துக்கே எல்லாம் திரும்ப வேண்டும் என்பது நெறியானால், எழும்பூரில் உள்ள அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பக் கற்களை ஆந்திரத்துக்கு அனுப்ப ஆயத்தமாக இருக்கிறீர்களா என்பதையும் கூறுங்கள்.

வெண்காட்டார்:
தொல்லியல் பொருள்களைப் பற்றிய வழக்கில் செப்புத் திருமேனிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். எங்கள் ஊரின் நிலை ஆதிச்சநல்லூரைவிடச் சிக்கலானது. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த திருமேனிகளுள் அர்த்தநாரீசுவரர் எழும்பூரில் இருக்கிறார். ரிஷபவாகன தேவரும் பிச்சாடனரும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றனர். ஒரே கோயிலுக்காக வார்க்கப்பட்டவர்கள் இரண்டு நகரங்களில் பிரிந்து நிற்கின்றனர். ரிஷபவாகனர் 1011-இல் எழுந்தருளச் செய்யப்பட்டவர் என்று அக்கோயிலின் கல்வெட்டே சொல்கிறது. அவர் கை ஊன்றியிருந்த காளை இன்று இல்லை. வெறும் காற்றின் மீது முழங்கையைச் சாய்த்தபடி, தலையில் பாம்பும் சடையும் சுற்றிய பாகையோடு அவர் நிற்கும் அழகை வெளிநாட்டார் வியந்து எழுதுகின்றனர். எங்களுக்கோ அந்தக் காளையின் வெற்றிடத்தைவிட, கோயிலின் வெற்றிடமே பெரிதாகப் படுகிறது. இவை காட்சிப் பொருளாகச் செய்யப்பட்டவை அல்ல. நீராட்டவும், உடுத்தவும், வீதியுலா எடுத்துச் செல்லவும் செய்யப்பட்டவை.

எழும்பூர்ப் பழையவன்:
வெண்காட்டார் அவர்களுக்கு: அத்திருமேனிகளை எந்த அதிகாரியும் கருவறையிலிருந்து தூக்கிச் செல்லவில்லை. மண்ணில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்ற 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வழியாகவே இத்தகைய திருமேனிகளில் பல அருங்காட்சியகங்களை அடைந்தன. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் உருக்குப் பட்டறைக்கோ கள்ளச்சந்தைக்கோ போயிருக்கும். கோயிலுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சிறீபுரந்தான் நடராசரே சான்று. வழிபாடு குறைந்த அக்கோயிலிலிருந்து அவர் களவாடப்பட்டார். 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2014-இல்தான் அவர் இந்தியா திரும்பினார். அத்தகைய மீட்புக்குப் பிறகும் பல திருமேனிகள் ஊர்க் கோயிலில் வைக்கப்படாமல் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பூசையும் இல்லை, பார்வையாளரும் இல்லை. அதைவிட எழும்பூரின் கண்ணாடிப் பேழை மேலானதல்லவா?

நாகப்பட்டினத்துப் புத்தத் திருமேனிகளை எங்கே திருப்புவீர்கள் என்பதும் என் கேள்வி. 1856 முதல் 1930-கள் வரை ஏறத்தாழ 350 கிடைத்தன. பெரும்பகுதி எழும்பூரில் உள்ளது, மற்றவை உலகெங்கும் சிதறின. இராசராசன் காலத்தில் கடல்கடந்த ஸ்ரீவிசய நாட்டின் அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இன்று ஊரில் இல்லை. வழிபட்ட சமூகமும் இல்லை. அங்கே உரிமை கோர யார் வருவார்கள்?

வெண்காட்டார்:
கோயில் உரிமை கோரலாம் என்பதை இலண்டன் நீதிமன்றமே ஏற்றது. மண்ணிலிருந்து வெளிவந்து இலண்டனுக்குக் கடத்தப்பட்ட பத்தூர் நடராசரின் வழக்கில், இடிந்து கிடந்த அவர் கோயிலைச் சட்டப்படி ஒரு தரப்பாக அங்கீகரித்து, 1991-இல் திருமேனி தாயகம் திரும்ப வழி செய்தனர். அயல்நாட்டு நீதிமன்றத்தில் ஈசனுக்குக் கிடைத்த நிலை உள்நாட்டு அருங்காட்சியகத்தில் கிடைக்கவில்லை என்பது நகைப்புக்குரியது. திருட்டு அச்சம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது காவலைப் பலப்படுத்தவேண்டிய காரணமே தவிர, உரிமையை மறுக்கும் காரணம் அன்று. நாகப்பட்டினத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உப்புக்காற்று:
உலோகப் பாதுகாப்பு வேலையைச் சில காலம் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. இரு தரப்பும் பாதுகாப்பு என்ற சொல்லைக் களவு என்ற பொருளிலேயே கையாளுகிறீர்கள். செப்புத் திருமேனிக்கு அதைவிட அமைதியான பகை ஒன்று உண்டு. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்புக்கு அடியில் குளோரைடு உப்பு தங்கிவிடுகிறது. காற்றின் ஈரம் ஏறியவுடன் அது விழித்துக்கொண்டு உலோகத்தை அரித்து, வெளிர்பச்சைத் துகளாக உதிர்க்கிறது. வெண்கல நோய் என்று இதற்குப் பெயர். எழும்பூரில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டதற்கே திருமேனிகளின் இந்த அரிப்புதான் முதன்மைக் காரணம். மின்பகுப்பு முறையில் உப்பை வெளியேற்றும் வேலை அங்கே அக்காலத்திலேயே நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, சென்னையே கடற்கரை நகரம் என்பது. ஈரமும் உப்பும் அங்கே குறைவில்லை. எனவே திருமேனிகளைக் காத்தது எழும்பூர் என்ற ஊர் அன்று, அந்த ஆய்வகம். அப்படிப்பட்ட ஆய்வகமும் அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரும் திருவெண்காட்டிலோ ஆதிச்சநல்லூரிலோ இருந்தால் என் மறுப்பு எதுவும் இல்லை. இல்லாவிட்டால் பொன் பிழைத்துக்கொள்ளும். இரும்பும் வெண்கலமும் சில மழைக்காலங்களைக்கூடத் தாங்கமாட்டா. திருமேனியை நாள்தோறும் நீராட்டுவதைப் பற்றி வெண்காட்டார் சற்று யோசிக்க வேண்டும்.

பொருநைக்கரையான்:
அமராவதியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நேராகவே மறுமொழி தருகிறேன்: ஆம், ஆந்திர அரசு தக்க இடம் அமைத்துக் கேட்டால் அனுப்பலாம். அந்தக் கற்களின் வரலாறு மையக் காப்பகத்தின் பெருமைக்கு நல்ல சான்றும் அன்று. ஆங்கிலேய அதிகாரி வால்டர் எலியட் 1845-இல் அகழ்ந்து சென்னைக்கு அனுப்பியவற்றில் 121 கற்கள் 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறின. இங்கே எஞ்சியவற்றைச் சுவரில் பதித்துச் சிமெண்டு பூசினார்கள். அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்கு அதனால் நேர்ந்த கேட்டைச் சரிசெய்யப் பிற்காலத்தில் தனி முயற்சி தேவைப்பட்டது. பெரிய நிறுவனம் என்பதால் தவறு நேராது என்று கருத வேண்டாம்.

சிறிய ஊரால் இயலாது என்பதையும் நான் ஏற்கவில்லை. புதுக்கோட்டை தனி அரசாக இருந்தது. 1910-இலேயே தனக்கென ஓர் அருங்காட்சியகத்தை அமைத்துக்கொண்டது. அதற்கு முன், 1898-இல் அவ்வரசின் எல்லைக்குள் கருக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் ஒரு பகுதி இலண்டன் போய்ச் சேர்ந்தது. ஊரில் ஒரு வீடு கட்டி வைத்தவனின் பொருள் தங்குகிறது, வீடு இல்லாதவனின் பொருள் வெளியே போகிறது. கீழடியில் 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், அகழாய்வுக் குழிகளுக்கு அருகிலேயே பொருள்களை வைத்துக் காட்ட முடியும் என்று நிறுவிவிட்டது. அதே உரிமையை ஆதிச்சநல்லூருக்குக் கேட்கிறேன்.

உப்புக்காற்று அவர்கள் எழுதியதைப் படித்த பின் என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். திருமேனிகளைப் பற்றி நான் தீர்ப்புக் கூற முற்படவில்லை. அது வழிபாடும் சட்டமும் கலந்த வேறு வழக்கு. ரீயின் சேகரிப்பை மட்டும், உரிமை மாற்றம் கூடச் செய்யாமல், நீண்டகாலக் கடனாகக் களத்துக்கு அனுப்பட்டும்.

எழும்பூர்ப் பழையவன்:
கடன் என்று வரும்போது பேச இடம் இருக்கிறது. இரண்டு நிபந்தனைகள் வைக்கிறேன். முதலாவது, 1915 அட்டவணையில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அப்பொருள் இன்று எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் படத்துடன் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அது இல்லாமல் எதை அனுப்பினோம், எதைப் பெற்றோம் என்று நாளை எவராலும் சொல்ல முடியாது. இதை நான் எழும்பூருக்கு எதிராகவும் கேட்கிறேன். இரண்டாவது, களத்துக் கட்டடத்தில் ஒரு முழு ஆண்டுக்கு, குறிப்பாக வடகிழக்குப் பருவமழையின்போது, ஈரப்பதத்தை அளந்து காட்ட வேண்டும். கண்ணாடித் தளத்துக்கு அடியிலுள்ள திறந்த மண்குழி ஈரத்தை உமிழும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பொருநைக்கரையான்:
குழியின் ஈரத்தைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை, நன்றி. முதல் நிபந்தனையை மறுப்பின்றி ஏற்கிறேன். இரண்டாவதை ஏற்கும்போது ஒரு திருத்தம் வேண்டுகிறேன்: அதே ஓராண்டு, அதே கருவியால், எழும்பூரில் அப்பொருள்கள் இருக்கும் கூடத்திலும் ஈரப்பதம் அளக்கப்பட வேண்டும், இரண்டு அளவுகளும் அருகருகே வெளியிடப்பட வேண்டும்.

உப்புக்காற்று:
கருவியைப் பேழைக்கு வெளியே வைத்தால் பயனில்லை. பேழைக்கு உள்ளே, வெண்கல மூடிகளுக்கு அருகில் வையுங்கள்.