மாமாவோட குட்டி லைக்கா: ஃபிலிம் எங்க கிடைக்கும்?

பாகான்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். போன மாசம் எங்க மாமா தவறிட்டாரு, அவர் அலமாரிய ஒழிக்கும்போது ஒரு குட்டி லைக்கா கேமரா கிடைச்சுது, பழைய லைக்கா 3எஃப் மாடல் மாதிரியே அச்சு அசலா இருக்கு, ஆனா தீப்பெட்டி அளவுதான். பெட்டியில ஷாரன்னு போட்டிருக்கு. அத்தை அது ஷோகேஸ் சாமான்னு சொன்னாங்க, ஆனா பட்டன அமுக்குனா ஷட்டர் டிக்னு திறந்து மூடுது, ஜன்னல் பக்கம் திருப்பி பாத்தப்ப வெளிச்சம் நல்லா தெரிஞ்சுது. 35 எம்எம் ரோல் உள்ள போகாது. ஜார்ஜ்டவுன்ல ஒரு கடையில பொம்மை தம்பின்னு சொல்லி அனுப்பிட்டாங்க, லோரோங் கூலிட் சந்தையில 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) கேட்டாங்க, குடுக்க மனசு வரல. இதுல படம் எடுக்க முடியுமா?

கேஎல்_நெகட்டிவ்:
தம்பி, தயவு செஞ்சு வித்துடாத. அது ஜப்பான்ல செஞ்ச நிஜ கேமரா, மினாக்ஸ் ஃபிலிம்ல ஓடும். 1938ல ரீகாவுல தயாரிக்க ஆரம்பிச்ச மினாக்ஸ் உளவு கேமரா இருக்கே, அதே கேசட்தான், ரெண்டு சின்ன உருளை, நடுவுல ஒரு பாலம். ஒரு படம் 8க்கு 11 மில்லிமீட்டர், சுண்டு விரல் நகத்த நெனச்சுக்க.

செந்தூல்_ராஜா:
110ன்னு இன்னொரு சின்ன கேசட் ஃபிலிம் இருக்கே, அது போட்டா ஆகாதா? லோமோகிராஃபி கம்பெனி 2012ல மறுபடி போட ஆரம்பிச்சாங்களே.

கேஎல்_நெகட்டிவ்:
இல்லண்ணே, அது 13க்கு 17, கேசட்டே வேற.

இருட்டறை_அக்கா:
தம்பி, நான் பல வருஷமா மினாக்ஸ்ல எடுக்குறேன். புது ஃபிலிம தேடி அலையாத, காலி கேசட் ஒண்ணு மட்டும் வாங்கு, ஃபிலிம நாமளே வெட்டிக்கலாம். சாதாரண 35 எம்எம் ரோல்ல ரெண்டு ஓட்டை வரிசைக்கும் நடுவுல 9.2 மில்லிமீட்டர் அகலத்துல ரெண்டு பட்டை வரும். அதுக்குன்னு பிளேடு வெச்ச சின்ன கட்டர் இருக்கு, முழு இருட்டுல மெதுவா இழுக்கணும், நடுவுல நிறுத்துனா விளிம்பு பிசிறடிச்சு கேசட்ல மாட்டிக்கும், எனக்கு மூணு ரோல் அப்படிப் போச்சு. ஃபிலிமோட வேகம் 100 ஐஎஸ்ஓவுக்கு மேல வேணாம், நெகட்டிவ் 35 எம்எம்ல பத்துல ஒரு பங்குதான், பெருசாக்குனா குருணை குருணையா தெரியும்.

அப்புறம் வெளிச்சம். லென்ஸ் திறப்பு எஃப்5.6, ஷட்டர் செகண்டுல 250ல 1 பங்கு, ரெண்டையும் மாத்த முடியாது. கணக்குப்படி 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு லேசா மேகம் போட்ட வெளிச்சம்தான் சரி. நம்ம ஊரு பன்னெண்டு மணி வெயில்ல ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வெளிச்சம் கூடிப் போகும், நெகட்டிவ் ஃபிலிம் அத தாங்கிக்கும், ஆனா கடை முன்னாடி இருக்குற அஞ்சடி நடைபாதை நிழல்ல எடுத்தா ஒண்ணும் விழாது. ஃபோகஸும் மாறாது, ரெண்டு மீட்டராவது தள்ளி நில்லு. முக்கியமா, கழுவுற கடையில சும்மா குடுத்துடாத, அவங்க மெஷின் இந்த அகலத்த எடுக்காது, வீட்டுல மினாக்ஸ் டேங்க்ல கருப்பு வெள்ளையா கழுவு, நான் சொல்லித் தரேன்.

பாகான்_பையன்:
அக்கா ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாருமே சொல்லல. பழைய ரோல் ஒண்ணு இருக்கு, முதல்ல பகல்லயே வெட்டிப் பழகுறேன். மாமா வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு போவாரு, தேங்காய் உடைக்கிற எடத்துல அவர் வழக்கமா நிக்கிற மூலையில நின்னு காலை வெயில்ல ஒரு படமாவது இதுல எடுக்கணும். கேசட்டும் கட்டரும் யார்கிட்டயாவது உபரியா இருந்தா சொல்லுங்க, கேஎல்னாலும் பஸ் ஏறி வந்து வாங்கிக்கிறேன்.